கல்லூரி வாயிலும் பொழுதுபோக்கும்

தேர்வு முடிவுகள் வெளியாகும் மாதங்களில் நம் காலனியின் பேச்சே மாறிவிடுகிறது. பால் வாங்க நிற்போரும், கோயில் மண்டபத்தில் அமர்வோரும், அலுவலகம் விட்டுத் திரும்புவோரும் நூற்றுக்கு எத்தனை என்பதையே பேசுகின்றனர். அண்மைக் காலத்தில் இதனோடு மற்றொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. “படிப்பு இருக்கட்டும், உங்கள் பையன் வேறு என்ன செய்கிறான்?” என்பதே அக்கேள்வி. அயல்நாட்டுக் கல்லூரிக்கோ புதிதாகத் தோன்றியுள்ள தனியார் பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பம் அனுப்பும் இல்லங்களில் இக்கேள்வி பெருங்கவலையாகவே ஆகிவிட்டது. பாட்டும் பரதமும் எல்லாரிடமும் உள்ளனவாம். தேனீ வளர்த்தல், பறவை நோக்குதல், பழங்காசு சேர்த்தல் என்பன போல் பிறரிடம் காணப்படாத ஒன்று வேண்டுமாம். ஆலோசனை கூறுவோர் இவ்வாறு சொல்ல, பெற்றோர் திகைத்து நிற்கின்றனர்.

இக்கேள்வி எங்கே பிறந்தது? யாரால், எதன் பொருட்டு விண்ணப்பப் படிவத்தில் ஏற்றப்பட்டது? இதன் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் போன்ற குடும்பங்கள் இவ்வரலாற்றில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

மாணவர் தாமே கண்ட கழகங்கள்

பாடத்திட்டத்தைக் குறிக்கும் ‘கரிக்குலம்’ என்னும் சொல் இலத்தீன் மொழியில் ஓட்டத்தையும் ஓடுகளத்தையும் குறித்தது. களத்துக்குள் ஓடுவது பாடம். களத்துக்குப் புறத்தே நிகழ்வன ஏனையவை. தொடக்கத்தில் இப்புறச் செயல்களைக் கல்லூரிகள் ஏற்படுத்தவில்லை, மாணவர்களே ஏற்படுத்திக்கொண்டனர். அமெரிக்காவின் யேல் கல்லூரியில் 1753-ஆம் ஆண்டிலேயே லினோனியா என்னும் மாணவர் கழகம் தோன்றியது. கிரேக்கமும் இலத்தீனும் ஒப்புவித்து முடித்த பின்னர், மாணவர் அங்குக் கூடிச் சொற்போர் நடத்தினர்; தமக்கென ஒரு நூலகமும் அமைத்துக்கொண்டனர்.

இரயில்வேத் துறையினராகிய நமக்குச் சுவை பயக்கும் செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகளுக்கிடையே நடைபெற்ற முதல் விளையாட்டுப் போட்டி, 1852 ஆகஸ்டு 3-ஆம் நாள் ஹார்வர்டு மாணவரும் யேல் மாணவரும் நிகழ்த்திய படகுப் போட்டியாகும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள வின்னிப்பசாக்கி ஏரியில் அது நடந்தது. அதற்குப் பொருளுதவி செய்தவர் எவர் என்று கருதுகிறீர்கள்? பாஸ்டன், கன்கார்டு, மான்ட்ரியல் இரயில்வேக் கம்பெனியார்! போட்டியைக் காணத் திரளும் மக்கள் டிக்கட் வாங்குவர் என்று கணக்கிட்ட அக்கம்பெனியின் மேலாளர் ஜேம்ஸ் எல்கின்ஸ், மாணவரின் செலவைக் கம்பெனியே ஏற்கும் என்று அறிவித்தார். போட்டியில் ஹார்வர்டு வென்றது.

இங்குக் கருதத்தக்கது ஒன்று. அந்நாளில் படகு வலிக்க வல்லவன் என்பதற்காக எவனும் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. சேர்ந்த பிறகே அவன் துடுப்பைக் கையில் எடுத்தான். சேர்வதற்கு வேண்டியது தேர்வில் தேறுதல் ஒன்றே. பொழுதுபோக்கு மகிழ்ச்சிக்காகவே இருந்தது. அதற்கு மதிப்பெண் இல்லை.

குதிரையும் கிரிக்கெட்டும்

ஏட்டறிவு மட்டும் போதாது என்னும் எண்ணம் ஆங்கிலேயரிடையே வலுப்பெற்றிருந்தது. இந்தியாவை ஆளும் சிவில் சர்வீசுக்கு 1855-ஆம் ஆண்டு முதல் போட்டித் தேர்வு நடைபெற்றது. எழுத்துத் தேர்வில் வென்றாலும், குதிரையேற்றத் தேர்விலும் தேற வேண்டும் என்பது விதி. மாவட்ட அதிகாரி குதிரை மீது சுற்றுப்பயணம் செய்ய வேண்டிய காலம் அது. ஆதலின் அவ்விதிக்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. ஆயினும் அவ்விதியினால் நாடறிந்த ஒருவர் வெளியே நிறுத்தப்பட்டார். அவர்தாம் அரவிந்தர். 1890-ஆம் ஆண்டுத் தேர்வில் பதினொன்றாம் இடம் பெற்ற அவர், குதிரையேற்றத் தேர்வை முடிக்கவில்லை என்னும் காரணத்தால் 1892-இல் விலக்கப்பட்டார். அவருக்கே அப்பதவியில் நாட்டம் இல்லை என்பது வேறு செய்தி. பின்னாளில் அவர் புதுச்சேரியில் வந்து தங்கியதை நாம் அனைவரும் அறிவோம்.

தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களால் பெருஞ்செல்வம் ஈட்டிய சிசில் ரோட்ஸ் என்பவர் 1902-ஆம் ஆண்டில் மறைந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவருக்கென அவர் தம் விருப்ப ஆவணத்தில் உதவித்தொகை ஏற்படுத்தினார். அதைப் பெறுவோர் கல்வியில் மட்டுமன்றிக் கிரிக்கெட், கால்பந்து போன்ற வெளிவிளையாட்டுகளிலும் ஈடுபாடு உடையோராகவும், குணநலனும் தலைமைப் பண்பும் வாய்ந்தோராகவும் இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தார். இந்திய மாணவருக்கு அவ்வுதவித்தொகை 1947-ஆம் ஆண்டில்தான் கிட்டியது. விளையாட்டும் குணமும் எழுத்து வடிவில் தகுதியாக எண்ணப்பட்டமைக்கு இவ்வாவணம் சிறந்த சான்றாகும்.

படிவம் நீண்ட கதை

இனி, நாம் கூற வந்த செய்திக்கு வருவோம். அமெரிக்காவில் கல்லூரி நுழைவுத் தேர்வுகளை ஒழுங்குபடுத்த 1900-ஆம் ஆண்டில் ஒரு வாரியம் நிறுவப்பட்டது. மறு ஆண்டு முதல் பொதுத் தேர்வுகள் நடைபெற்றன. தேர்வில் தேறியவர்க்கு இடம் உண்டு என்பதே பெரும்பாலும் நடைமுறையாக இருந்தது.

அக்காலத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதக் குடும்பங்கள் பல்லாயிரக் கணக்கில் நியூயார்க்கில் வந்து குடியேறின. தந்தை தையற்கடையில் ஊசி பிடிப்பார். தாய் வீட்டிலிருந்தே பித்தான் தைப்பாள். பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிப்பர். தேர்வுத் தாள் தந்தையின் தொழிலைக் கேட்பதில்லை. அவர் எந்த நாட்டிலிருந்து வந்தார் என்றும் கேட்பதில்லை. ஆகவே அப்பிள்ளைகள் தேர்வில் வென்று கல்லூரிகளில் நிறைந்தனர். கொலம்பியா கல்லூரியில் அவர்தம் தொகை நூற்றுக்கு நாற்பது அளவுக்கு உயர்ந்தது. ஹார்வர்டில் 1922-ஆம் ஆண்டு வாக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கடந்தது.

பழைய செல்வக் குடியினர்க்கு இஃது உவப்பாக இல்லை. கொலம்பியா தன் விண்ணப்பப் படிவத்தை விரிவுபடுத்தியது. மாணவனின் சமயம் யாது, தந்தை பிறந்த ஊர் யாது என்று கேட்டது. புகைப்படமும் நேர்காணலும் வேண்டும் என்றது. ஓரிரு ஆண்டுகளில் யூத மாணவர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஹார்வர்டின் தலைவர் லோவல், யூதர்க்கு நூற்றுக்குப் பதினைந்து என்று வரம்பு கட்ட வேண்டும் என வெளிப்படையாகவே 1922-இல் முயன்றார். எதிர்ப்பு எழுந்தது, ஆசிரியர் குழு 1923-இல் அம்முயற்சியை ஏற்க மறுத்தது. அதே காலத்தில் ஹார்வர்டின் படிவம், மாணவனோ அவன் தந்தையோ பிறந்த பின் பெயரை மாற்றிக்கொண்டது உண்டா என்றும் கேட்டது. பெயரை மாற்றிக்கொண்டு இனத்தை மறைப்போரைக் கண்டுபிடிக்கவே அக்கேள்வி.

வெளிப்படையான வரம்பு நிறைவேறாமற் போகவே, வேறொரு வழி கண்டனர். 1926-ஆம் ஆண்டில் ஹார்வர்டு முதலாண்டு மாணவர் தொகையை ஆயிரம் என்று வரையறுத்து, தேர்வு மதிப்பெண்ணோடு குணம், ஆளுமை, தகுதி ஆகியவற்றையும் நோக்குவது என முடிவு செய்தது. யேல், பிரின்ஸ்டன் முதலிய கல்லூரிகளும் அவ்வாறே செய்தன. பள்ளியில் எந்தக் கழகத்தில் இருந்தாய், எந்த விளையாட்டு ஆடினாய், எதற்குத் தலைமை தாங்கினாய் என்னும் கேள்விகள் தேர்வுக்கு நிகராக வந்து அமர்ந்தன. மாலையில் தந்தைக்குத் துணையாகக் கடையில் நிற்கும் சிறுவன் எந்தக் கழகத்தில் இருப்பான்? ஹார்வர்டில் நான்கில் ஒரு பங்குக்கு உயர்ந்திருந்த யூத மாணவர் தொகை, பதினைந்து விழுக்காட்டு அளவுக்கு இறங்கியது. எவரையும் யூதர் என்பதற்காகத் தள்ளினோம் என்று ஒரு சொல்லும் எழுத வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

பாடத்துக்குப் புறம்பான செயல்களை மதித்தல் என்னும் நல்ல கொள்கை கல்லூரி வாயிலில் வந்து நின்ற வரலாறு இதுவே. திறமையை வரவேற்க அன்று. குடியேறி வந்தோர் மக்களைத் தடுத்து நிறுத்தவே அது பயன்பட்டது.

அதே வாயில், வேறு கை

இத்துடன் முடித்துக்கொண்டால் வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டும் கூறியவர் ஆவோம். மூடுவதற்கு அமைத்த கதவும் நல்லவர் கைக்கு வந்தால் திறக்கும்.

சிக் எவன்ஸ் என்பவர் சிக்காகோவைச் சேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர். சிறுவயதில் செல்வர்தம் கோல்ஃப் மட்டைப் பைகளைச் சுமந்து உடன் நடந்த பையன். அவ்வாறு பை சுமக்கும் ஏழைப் பிள்ளைகள் கல்லூரியில் படிக்க அவர் ஏற்படுத்திய உதவித்தொகையை, 1930-ஆம் ஆண்டில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முதல் இருவர் பெற்றனர். பல்லாயிரவர் அதனால் பட்டம் பெற்றுள்ளனர். 1942-இல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் ஆதரவில் அறிவியல் திறன் தேடல் என்னும் போட்டி தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் தாமே செய்த ஆய்வுகளுக்கு அது மதிப்பளித்தது.

1965-ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தலைவராக இன்ஸ்லீ கிளார்க் என்னும் இளைஞர் பொறுப்பேற்றார். நாடெங்கும் உள்ள அரசுப் பள்ளிகளில் அவர் திறமையைத் தேடினார். மாணவனின் பண வசதியை நோக்காமல் இடம் அளிக்கும் முறை மறு ஆண்டில் அங்கு வந்தது. பழைய மாணவர் பலர் சினந்தனர், அவர் அசையவில்லை. யூத மாணவரும் அரசுப் பள்ளி மாணவரும் மீண்டும் பெருகினர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கதவை அடைக்கப் பயன்பட்ட அதே அதிகாரம் இப்போது கதவைத் திறந்தது.

புதுமையான பொழுதுபோக்குகளும் அதன்பின் இடம் பெற்றன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் கிளை 1996 முதல் சதுரங்கத் திட்டம் ஒன்றை நடத்திச் சதுரங்க வல்லுநர்க்கு உதவித்தொகை வழங்கிவருகிறது. பேக்பைப் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுத் துருத்திக் குழலை வாசிப்போர்க்குக் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1990-இல் பட்டப் படிப்பே தொடங்கியது. அதை நிறுவிய கார்னகி ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சிக்காகோவின் இராபர்ட் மாரிஸ் பல்கலைக்கழகமோ 2014-இல் கணினி விளையாட்டு ஆடுவோர்க்கே உதவித்தொகை அறிவித்தது. பிள்ளை கணினி முன் அமர்ந்தால் கண்டிக்கும் நம் வீட்டுப் பெரியோர் இதனைக் கேட்டு வியப்பர்.

விலைக்கு வந்த விருப்பம்

1975-ஆம் ஆண்டில் பதினைந்து கல்லூரிகள் கூடிப் பொது விண்ணப்பம் ஒன்றை ஏற்படுத்தின. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் அதனை ஏற்கின்றன. அதில் மாணவன் தன் புறச் செயல்களுள் பத்து வரை எழுதலாம். ஒவ்வொன்றையும் விளக்க நூற்றைம்பது எழுத்துகளே இடம். வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று கணக்கும் எழுத வேண்டும். அன்பால் செய்வதற்கு இவ்வாறு மணிக்கணக்கு எழுதத் தொடங்கிய இடத்தில் வாணிகமும் புகுந்தது.

அதன் முடிவை 2019 மார்ச்சில் உலகம் கண்டது. ரிக் சிங்கர் என்னும் ஆலோசகர், படகில் கால் வைத்திராத செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப் படகு வீரர் என்று ஜோடித்தார், புகைப்படங்களையும் திருத்தினார், பயிற்றுநர் சிலர்க்குக் கையூட்டுக் கொடுத்துப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் இடம் வாங்கித் தந்தார். பெற்றோரும் பயிற்றுநருமாக ஐம்பதுக்கு மேற்பட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1852-இல் மகிழ்ச்சிக்காக வலித்த படகு எங்கு வந்து கரை சேர்ந்தது பார்த்தீர்களா!

மற்றொரு வழக்கும் நினைக்கத்தக்கது. ஆசிய வழி வந்த மாணவர்க்கு ஹார்வர்டு அநீதி இழைப்பதாக 2014-இல் வழக்கு எழுந்தது. படிப்பு, புறச் செயல், விளையாட்டு, ஆளுமை எனத் தனித்தனியே அங்கு மதிப்பிடுவது அவ்வழக்கால் வெளிவந்தது. படிப்பிலும் புறச் செயலிலும் உயர்ந்து நின்ற ஆசிய வழி மாணவர், ஆளுமை என்னும் கட்டத்தில் மட்டும் தாழ்ந்த மதிப்பே பெற்றிருந்தனர். இது வேண்டுமென்றே செய்யப்பட்டதன்று எனக் கீழ் நீதிமன்றம் கருதியது. 2023 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம், இனத்தைக் கருத்திற்கொண்டு இடம் அளிக்கும் முறை செல்லாது என்றே தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் பற்றிப் பலவகைக் கருத்துகள் உண்டு. எனினும் நூறாண்டுக்கு முன் தையற்காரர் மகனை அளந்த கோல், கடல் கடந்து சென்ற நம்மவர் மக்களையும் அளக்கிறது என்பது தெளிவு.

நம் நாட்டில்

நிற்க. நம் இரயில்வேத் துறைக்கு இக்கருத்து புதிதன்று. விளையாட்டு வீரர்க்கும், கலைஞர்க்கும், சாரணர்க்கும் தனித்தனியே வேலையிட ஒதுக்கீடு நம் துறையில் உண்டு. இரயில்வே விளையாட்டு அமைப்போ 1928-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. கிரிக்கெட் அணித் தலைவராக விளங்கிய தோனி, 2001 முதல் சில ஆண்டுகள் கரக்பூரில் டிக்கட் பரிசோதகராகப் பணியாற்றியதை அறியாதார் இலர். இங்குப் போட்டி நடத்துவர், ஆடிக் காட்டவேண்டும், பாடிக் காட்டவேண்டும்.

கல்லூரிகளிலும் இம்முறை உண்டு. டில்லியில் ஒரு வணிகவியல் கல்லூரி 2011-இல் பள்ளியில் வணிகவியல் பயிலாத மாணவர்க்கு நூற்றுக்கு நூறு கேட்டதை இந்நாடே பேசியது. மதிப்பெண் ஒன்றையே நோக்கினால் வரும் நிலை அது. அதே டில்லிப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு, நாடகம், இசை, வினாடி வினா முதலியவற்றில் வல்லவர்க்கும் தேசிய மாணவர் படையினர்க்கும் ஒரு பங்கு இடங்கள் உள்ளன. சென்னை ஐ.ஐ.டி. 2024-இல் விளையாட்டு வீரர்க்கென ஒவ்வொரு பட்டப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்களை ஏற்படுத்தியது. 2025-இல் கலைத் திறனுடையோர்க்கும் அவ்வாறே செய்தது. இரண்டில் ஒன்று பெண்களுக்கு உரியது. அங்கும் நுழைவுத் தேர்வில் தேறாதவர்க்கு இடம் இல்லை. தேர்வும் வேண்டும், திறமையும் வேண்டும், விதி எல்லார்க்கும் தெரிய வேண்டும். இதனை நாம் வரவேற்கின்றோம்.

தேர்வு மட்டுமே போதும் என்று வாதிடுவோர்க்கு நம் கும்பகோணத்துப் பிள்ளையே விடை. கணிதம் ஒன்றிலேயே மூழ்கிக் கிடந்த இராமானுஜன் ஏனைய பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். எவரும் கேளாமலே அவர் நிரப்பி வைத்த நோட்டுப் புத்தகங்களே 1914-இல் அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சேர்த்தன. படிவத்தில் ஒரு கட்டம் நிரப்புவதற்காக அவர் அவற்றை எழுதவில்லை.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? தேர்வு என்பது கண் கட்டிய தராசு. அது திறமை முழுவதையும் நிறுக்காது. ஆனால் தந்தையின் பெயரைக் கேட்காது. சிபாரிசும் சொத்தும் இன்றி அயலூரில் வந்து இறங்கிய நம் முன்னோர் அதனை நம்பியே பிழைத்தனர். அந்நம்பிக்கை நன்றியோடு போற்றத்தக்கது. பொழுதுபோக்கை நோக்கும் தராசுக்கோ கண் உண்டு. பிடிப்பவர் நல்லவராயின் இராமானுஜனைக் காணும். அல்லராயின் தையற்காரர் மகனைத் தள்ளும். ஆகவே அம்முறை எங்கு வந்தாலும், விதி வெளிப்படையாக உள்ளதா, திறமையை நேரில் சோதிக்கிறார்களா, பணமில்லாத பிள்ளைக்கும் அத்திறமை எட்டுமா என்னும் மூன்றையும் நாம் கேட்டாக வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு விடை அளிப்பதில் நம் சங்கத்துக்கும் பங்கு உண்டு. நம் காலனியில் அதிகாரியின் மகளும் இருக்கிறாள். கடைநிலை ஊழியரின் மகனும் இருக்கிறான். ஒருத்திக்கு ஆலோசகர் தேனீப் பெட்டி வாங்கி வைக்கச் சொல்வார். மற்றவனுக்கு அவ்வாறு சொல்ல ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க மண்டபத்தைத் திறந்து வைத்தால், நான்கு சதுரங்கப் பலகைகளும், ஒரு மிருதங்கமும், ஒரு புத்தக அலமாரியும் இருவர்க்கும் பொதுவாகும். ஓய்வு பெற்ற பெரியோர் நம்மிடையே பலர் உளர். ஒருவர்க்கு வானொலி அமைக்கத் தெரியும், ஒருவர்க்குக் கோலம் கைவந்தது, ஒருவர் வானத்து மீன்களின் பெயரெல்லாம் அறிவார். அவர்களை அழைத்து அமர்த்தினால் போதும்; பெருஞ்செலவு இல்லை.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை எதனையேனும் விரும்பிச் செய்தால், இது எந்தக் கல்லூரிக்கு உதவும் என்று முதல் நாளே கேட்காதிருப்போம். கல்லூரி வாயில் திறந்தால் மகிழ்ச்சி. திறவாவிடினும் அவ்விருப்பம் அவனை விட்டு நீங்காது. வேலைக்குச் சேர்ந்து, வெளியூரில் தனியே ஓர் அறையில் தங்கும் நாளில் அதுவே அவனுக்குத் துணையாக நிற்கும். அத்தகைய துணையை நம் மக்கள் அனைவர்க்கும் தேடித் தருவோமாக!